செம்புத் தண்ணீரில் ஓர் இறால்

துரைராஜ் அண்ணே, நீங்கள் பொய் சொன்னீர்கள்.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். நீங்களும் படிக்கிறவர்தான். கூலர் மெக்கானிக்குகளைத் திட்டி நான் எழுதியதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, ‘நம்ம தம்பி பிரிச்சு மேஞ்சுட்டாரு’ என்று கைதட்டுகிற பொம்மைகளை வரிசையாக வைத்தீர்கள். இந்த வாரமும் போடுங்கள், பார்க்கலாம்.

துரைராஜ் என்பது அவருடைய முழுப் பெயர் இல்லை. அதற்கு மேல் எழுத ஆசிரியர் சம்மதிக்கவில்லை. பரவாயில்லை. யாரென்று தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

மற்றவர்களுக்காக முதலில் இருந்து சொல்கிறேன்.

மயூர் விஹாரில் என் ஃப்ளாட் ஹாலில் நாலடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதில் இருப்பது உப்புத் தண்ணீர். டெல்லியில் கடல் ஏது? ஆர்.ஓ. தண்ணீரில் பாக்கெட் உப்பைக் கரைத்து நாங்களே செய்துகொள்கிற கடல்தான். உள்ளே பாறை, பாறையில் உயிருள்ள பவளம், பவளத்துக்கு நடுவில் மீன். வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி — “இதுல குழம்பு வைக்கலாமா?” இரண்டாவது கேள்வி — “இந்த இன்வெர்ட்டர் எதுக்கு?” மீனுக்கு. கரண்ட் போனால் எங்கள் ஃபேன் நிற்கும். மீனுடைய பம்ப் நிற்காது. இன்வெர்ட்டர் விற்றுப் பிழைக்கிறவன் வீட்டில் நிலைமை இது.

அந்தத் தொட்டியில் ஒரு ஜோடி க்ளவுன் மீன்கள் இருந்தன. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. அதில் பெட்டைதான் பெரிசு, ஆண் சின்னது. என் மனைவி கோமதி அவற்றுக்கு வைத்த பெயர்கள் பெரியவ, சின்னவன். எங்கள் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது வாங்கியவை. அவள் வேலை கிடைத்து பெங்களூர் போன பிறகும் அவை எங்களோடு இருந்தன. கோமதி ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும் நேராகத் தொட்டியிடம்தான் போவாள். “என்ன பெரியவளே, சாப்டியா?” அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்புவாள். நான் இரண்டாவது. எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை.

இருந்தன என்று எழுதுகிறேன். கவனித்திருப்பீர்கள்.

மீன் செத்ததற்கெல்லாம் ஒரு பத்தியா என்று சிலர் கேட்பீர்கள். கேளுங்கள். ஆனால் கடைசி வரை படித்துவிட்டுக் கேளுங்கள்.

புது மீனைக் கொண்டுவந்து நேராகத் தொட்டியில் விடக் கூடாது. இந்தப் பைத்தியக்காரத்தனத்தில் முதல் பாடமே அதுதான். கடலில் பிடித்த மீனின் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிகள் இருக்கும். கடலில் அது பெரிய விஷயமில்லை, ஏனென்றால் கடல் பெரிசு. நாலடித் தொட்டியில் அது கொலைகாரன். அதனால் புது மீனைத் தனித் தொட்டியில் சில வாரங்கள் வைக்க வேண்டும். கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் இருந்தோமே, அதே குவாரன்டைன். அந்தத் தனித் தொட்டியில் செம்பு மருந்தை அளந்து ஊற்ற வேண்டும். ஒட்டுண்ணி சாகும், மீன் பிழைக்கும்.

அந்த மருந்தைப் பெரிய தொட்டியிலேயே ஊற்றிவிட்டால் என்ன? ஊற்றக் கூடாது. செம்பு ஒட்டுண்ணியை மட்டும் கொல்வதில்லை. பவளம், நத்தை, நண்டு, இறால் — முதுகெலும்பில்லாத எல்லாவற்றையும் கொன்றுவிடும். இதை நான் முதல்முதலில் சொன்னபோது கோமதி நம்பவில்லை. “நாம செம்புப் பானையில தண்ணி ஊத்தி வச்சு, உடம்புக்கு நல்லதுன்னு குடிக்கோம். இறாலு செத்துப் போவுமாக்கும்?” என்று சிரித்தாள்.

சாகும். இந்த ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். செம்புத் தண்ணீரில் இறால் பிழைக்காது.

டெல்லியில் இப்படிக் கடல் தொட்டி வைத்துக்கொண்டு அவஸ்தைப்படுகிற தமிழர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறோம். எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப். எல்லோரும் ஃப்ளாட்வாசிகள். ஒரு தொட்டி வைக்கவே வீட்டில் சண்டை போட்டுத்தான் இடம் வாங்கியிருக்கிறோம், குவாரன்டைனுக்கு இன்னொரு தொட்டி எங்கே வைப்பது? அதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழிதான் துரைராஜ் அண்ணன்.

அண்ணனுக்கு அரசாங்க உத்தியோகம். மோதி பாக் குவார்ட்டர்ஸில் வீடு. அந்த வீட்டில் அடைப்புப் போட்ட ஒரு பால்கனி. அங்கே வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். எல்லோரும் சேர்ந்து சென்னையில் சொல்லி வைப்போம். மீன் பெட்டி விமானத்தில் வரும். அண்ணன் போய் எடுத்து வந்து எல்லா மீனையும் தன் பால்கனியில் செம்புத் தண்ணீரில் வைத்திருந்து, தேறிய பிறகு கூப்பிடுவார். நாங்கள் ஆளுக்கொரு வாளியோடு போய் வாங்கி வருவோம். காபி உண்டு, அண்ணி கையால் முறுக்கு உண்டு. குரூப்பில் அவரை ‘டாக்டர்’ என்று கூப்பிடுகிறவர்களும் உண்டு. அவரும் வேண்டாமென்று சொன்னதில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும். பல வருஷமாக அவர் இதைச் சரியாகத்தான் செய்தார். அதனால்தான் இத்தனை ஆத்திரம் வருகிறது.

இந்த முறை வந்த பெட்டியில் எனக்கு ஒரு பவுடர் ப்ளூ டாங். வானத்து நீலத்தில் உடம்பு, முதுகில் மஞ்சள் கோடு. அழகான மீன். அழகுக்குத் தகுந்த சீக்காளி. எந்த நோய் வந்தாலும் முதலில் இதற்குத்தான் வரும். அதனால் அண்ணனுக்கு போன் செய்து கேட்டேன்.

“அண்ணே, டாங்காச்சே, குவாரன்டைன் முழுசா முடியட்டும். நான் அவசரப்படல.”

“தம்பி, என்னைய யாருன்னு நெனச்சீக? முடிஞ்சிருச்சு தம்பி. செம்புல கெடந்து எந்திரிச்ச பய. ஞாயித்துக்கெழம வாளியோட வாங்க.”

அன்று சாயங்காலமே குரூப்பில் வீடியோ போட்டார். என் டாங் கடல்பாசித் தாளைக் கடித்துக் கடித்து இழுக்கிறது. கீழே, ‘குவாரன்டைன் முடிஞ்சு ஃபிட்டா இருக்காரு’ என்று எழுதியிருந்தார். எல்லோரும் ஹார்ட் போட்டார்கள். நானும் போட்டேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும்.

பழைய டெல்லிப் பக்கம் மீன் கடை வைத்திருக்கிற ஒரு பையாவிடம் நான் மீன் பார்க்கப் போனால் எப்படி நடந்துகொள்வேன் தெரியுமா? ஒரு மணி நேரம் தொட்டி முன்னால் நிற்பேன். “பையா, தவாயி டாலா ஹை க்யா?” — மருந்து போட்டிருக்கிறாயா என்று கேட்பேன். அவன், “அரே சார், காப்பர் மே ஹை, டென்ஷன் மத் லோ” — செம்பில்தான் இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்பான். நான் நம்ப மாட்டேன். என் முன்னால் தீனி போடு என்பேன். தண்ணீரைக் கொஞ்சம் பாட்டிலில் பிடித்து வந்து வீட்டில் டெஸ்ட் பண்ணுவேன். அடுத்த வாரம் திரும்பப் போய், அதே மீன் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பேன். அவனுக்கு என்னைக் கண்டாலே எரிச்சல்.

துரைராஜ் அண்ணனிடம்? “சரிண்ணே.”

அவ்வளவுதான். தமிழில் சொன்னார், அதனால் சரி. ஊர்விட்டு ஊர் வந்த நாம் எல்லோரும் செய்கிற காரியம் இது. இந்தியில் சொன்னால் சந்தேகப்படுகிறோம். அதையே ‘தம்பி’ சேர்த்துச் சொன்னால் வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வந்தது. செய்ய வேண்டிய முறைப்படி எல்லாம் செய்தேன். சூடு ஒத்துப்போக, வாளியில் கொண்டுவந்த பையோடு மிதக்கவிட்டேன். மெல்லிய குழாய் வழியாக எங்கள் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தேன். லைட்டை அணைத்து வைத்தேன். பிறகு வலையில் ஏந்தி உள்ளே விட்டேன். பாறைக்குப் பின்னால் போய் ஒளிந்தவன், சாயங்காலம் வெளியே வந்து ஒரு சுற்று சுற்றினான். ஹால் முழுக்க நீலம் அடித்த மாதிரி இருந்தது. கோமதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். “புது மாப்பிள்ள பெரியவளப் பாத்துப் பம்முதான்” என்றாள்.

அந்த வாரத்தின் நடுவில் டாங் தன் உடம்பைப் பாறையில் உரசியது.

இந்த வேலையில் கொஞ்ச நாள் இருந்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும்: ஒட்டுண்ணி. மறுநாள் பம்ப் தண்ணீரைத் தள்ளும் இடத்தில் போய் நின்றுகொண்டு வேகவேகமாக மூச்சு வாங்கியது. அதற்கு அடுத்த நாள் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன். உடம்பெங்கும் தங்கத்தூள் தூவிய மாதிரி இருந்தது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்த நோய்க்கு வெல்வெட் என்று பெயர். அது வந்துவிட்டால் மருந்து வாங்கப் போகிற நேரம்கூடச் சில சமயம் கிடைக்காது.

“ஏங்க, பெரியவ சாப்பிட மாட்டுக்கா” என்றாள் கோமதி. கையில் தீனியோடு அப்படியே நின்றாள்.

மீன்களை வெளியே எடுத்தால்தான் மருந்து போட முடியும். பாறைகளுக்குள் ஓடி ஒளிகிற மீனை எப்படிப் பிடிப்பது? பாறைகளைப் பிடுங்க வேண்டியதுதான். வருஷக்கணக்கில் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்த பவளங்கள். அவற்றைப் பெயர்த்துப் பெயர்த்து பக்கெட்டுகளில் போட்டோம். கோமதி ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டாள். என் கையெல்லாம் கீறல், தரையெல்லாம் உப்புத் தண்ணீர். துணி துவைக்கிற பெரிய பிளாஸ்டிக் தொட்டியை பாத்ரூமில் வைத்து, காற்று பம்ப் போட்டு, செம்பு மருந்து கலந்து, பிடிபட்ட மீன்களை ஒவ்வொன்றாக அதில் விட்டோம்.

டாங் அதற்கு முன்பே போய்விட்டது. சின்ன மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. பெரியவள் அந்தத் தொட்டிக்கு வந்து சேர்ந்தாள். வந்து, கோமதி தண்ணீருக்குள் வைத்திருந்த கைமேல் சாய்ந்துகொண்டாள். க்ளவுன் மீன் அப்படிச் செய்யாது. அதற்கு நீந்தத் தெம்பில்லை, அவ்வளவுதான். எனக்கு அது தெரியும். கோமதிக்கும் தெரியும். ஆனாலும் அவள் கையை எடுக்கவில்லை. கடைசி வரைக்கும் எடுக்கவில்லை.

சின்னவன் மட்டும் இருக்கிறான். பாத்ரூம் தொட்டியில் அவன் ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு போட்டு வைத்திருக்கிறோம். அதன் வாயில் நிற்கிறான். ஜோடியில் பெட்டை போய்விட்டால் ஆண் தானே பெட்டையாக மாறிவிடும் என்பார்கள். மாறட்டும், மாறாமல் போகட்டும். முதலில் சாப்பிடட்டும்.

ஹாலில் இருக்கிற தொட்டியை நீங்கள் பார்க்க வேண்டும். பாறைகளைத் திரும்ப அடுக்கிவிட்டோம். பவளங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாக விரிந்து ஆடுகின்றன. தண்ணீர் பளிச்சென்று இருக்கிறது. மீன் மட்டும் இல்லை. நோய் தானாக ஒழிய இரண்டு மூன்று மாசம் தொட்டியை இப்படிக் காலியாகப் போட வேண்டும். கோமதி சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போய்விடுகிறாள். இப்போது நான்தான் முதல் ஆள். எனக்கு அந்த இடம் வேண்டாம்.

நான் அண்ணனுக்கு போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

“அய்யய்யோ” என்றார். பிறகு, “உங்க தண்ணியில ஏதும் கோளாறு இருக்குமோ?” என்றார். பிறகு, “சரி விடுங்க, அடுத்த பெட்டியில உங்களுக்கு வேற டாங் எடுத்துருவோம்” என்றார்.

வேற டாங்!

அதற்கு இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம். கோமதி சோபாவில் உட்கார்ந்து போனில் அண்ணன் போட்ட அந்தப் பழைய வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாங் கடல்பாசி தின்கிற வீடியோ. ஏன் பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை. திடீரென்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இங்க பாருங்க. மூலையில. இது அவுக நகம் கொறிக்க இறாலுல்லா?”

பார்த்தேன். பின்பக்கக் கண்ணாடியின் மேல் மூலையில் ஒரு இறால். சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு. நீள மீசைகளை ஆட்டிக்கொண்டு சாவகாசமாக நடந்து போகிறது.

அந்த இறாலை எங்கள் குரூப்பில் தெரியாதவர் கிடையாது. அண்ணன் ஹாலில் வைத்திருக்கிற சொந்தப் பெரிய தொட்டியில் இருக்கிறது. அவர் கையை உள்ளே விட்டால் ஓடி வந்து நகக்கண்ணைச் சுத்தம் செய்யும். அதை மாசத்துக்கு ஒரு தடவையாவது வீடியோ எடுத்துப் போட்டு, ‘நம்ம பியூட்டி பார்லர்’ என்று எழுதுவார்.

செம்புத் தண்ணீரில் இறால் பிழைக்காது. மனசில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே?

அப்படியென்றால் என் டாங் இருந்தது செம்புத் தண்ணீரில் இல்லை. குவாரன்டைன் தொட்டியிலேயே இல்லை. அது அவருடைய பெரிய தொட்டி. வீடியோவைப் பார்த்து ஹார்ட் போட்ட அத்தனை பேருக்கும் செம்பில் இறால் சாகும் என்பது பாடம். அத்தனை பேரும் அந்த இறாலைத் தாண்டி மீனைப் பார்த்தோம்.

மறுநாளே மோதி பாக் போனேன். கோமதியும் வந்தாள்.

“வாங்க தம்பி, வாம்மா கோமதி” என்று அண்ணி வாசலிலேயே சந்தோஷப்பட்டார். வீட்டுச் சுவரெல்லாம் புது டிஸ்டெம்பர். காபி போட உள்ளே போனவர் அங்கிருந்தே பேசினார். “வெள்ளையடிக்க ஆளு வந்தாங்கே. இந்தா அந்தான்னு இழுத்தடிச்சிட்டு, திடீர்னு ஒரு நாள் வந்து நிக்கிறாங்கே, ‘ஆன்ட்டிஜி, பால்கனி காலி கரோ, ஜல்தி’ன்னு. இவரு பொட்டியெல்லாம் கழட்டிப் பரண்ல போட்டாரு. நல்லதாப் போச்சு. இப்பத்தான் நான் துணி காயப்போட எடம் கெடச்சிருக்கு.”

பால்கனியை எட்டிப் பார்த்தேன். கொடி நிறையத் துணி. கண்ணாடிப் பெட்டி ஒன்றுகூட இல்லை.

அண்ணன் எழுந்து டிவி சத்தத்தைக் கூட்டினார்.

“அண்ணே, வெள்ளையடிச்சது எப்ப?” என்றேன்.

“அது ஆச்சு... ஒரு மாசம் இருக்கும்.”

“சென்னையிலேருந்து மீன் பெட்டி வந்தது அதுக்கு முன்னாலயா, பின்னாலயா?”

“தம்பி, மீனெல்லாம் அருமையாச் சாப்பிட்டுச்சு. நான் எங் கண்ணால பாத்தேன்.”

“செம்பு போட்டீங்களா இல்லையா?”

“ஏந் தொட்டியில ஒரு மீன் சாகலையே? அதுக்கு என்ன சொல்றீக?”

“உங்க தொட்டியில யு.வி. லைட்டு ஓடுதுண்ணே. உங்க மீனெல்லாம் பழகுன மீனு. நோய அமுக்கித்தான் வச்சிருக்கு, ஒழிக்கல. எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான். செம்பு போட்டீங்களா?”

“காபி ஆறுது தம்பி.”

கோமதி எழுந்தாள். “வெள்ளையடிக்க வந்துட்டாவ, பொட்டிய எடுத்துட்டேன், மருந்துல போட முடியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நாங்க வாங்காம இருந்திருப்போம்லாண்ணே?” என்றாள்.

அவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு வார்த்தையை ஏன் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை. வெள்ளையடித்தது அவர் தப்பில்லை. சொல்லி வைத்த மாதிரி அதே சமயத்தில் பெட்டி வந்ததும் அவர் தப்பில்லை. ‘இந்தத் தடவை என்னால் முடியவில்லை’ என்று சொல்லியிருந்தால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? ஆனால் டாக்டர் என்று பெயர் வாங்கிய பிறகு, முடியவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. அந்தப் பெயரைக் காப்பாற்ற என் வீட்டு மீன்கள் போயின.

வீட்டுக்கு வந்து பார்த்தால் குரூப்பில் அவருடைய மெசேஜ்: ‘சில நண்பர்கள் தொட்டித் தண்ணீரைச் சரியாகப் பராமரிப்பதில்லை. மீன் இறந்தால் பிறரைக் குறை சொல்வது வருத்தம் அளிக்கிறது.’ கீழே ஒரு கும்பிடு பொம்மை.

இறால் தெரிகிற இடத்தை வட்டம் போட்டு அந்தப் படத்தை நான் குரூப்பில் போட்டேன். ஒரே ஒரு கேள்வி எழுதினேன். கொஞ்ச நேரத்தில் என் மெசேஜ் அழிந்தது. அதற்குப் பிறகு நானும் அழிந்தேன். குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்.

யாராவது ஏன் என்று கேட்டார்களா? கேட்கவில்லை. ஆனால் தனித்தனியாக மெசேஜ் அனுப்பினார்கள். ‘விடுங்க சார், வயசுல பெரியவர்.’ ‘நாம இருக்கறதே கொஞ்சம் பேர், இதுல சண்டை எதுக்கு?’ ‘எனக்கும் டவுட்தான். ஆனா அடுத்த பெட்டியில எனக்கு ரெண்டு மீன் வருது...’

கடைசி மெசேஜை அனுப்பியவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் ஒருத்தர்தான் உள்ளதைச் சொன்னார்.

இதுதான் நம் லட்சணம். கொஞ்சம் பேர் இருக்கிறோம், அதனால் ஒருத்தரை ஒருத்தர் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் ஒற்றுமை போய்விடும். பொய் சொன்னவரால் போகாத ஒற்றுமை கேட்டவனால் போய்விடுமாம். பொங்கல் விழாவுக்கு வசூல் செய்வதில் தொடங்கி ஃப்ளாட் சொசைட்டி தேர்தல் வரைக்கும் இதையேதான் பார்க்கிறேன். மீன் விஷயத்திலாவது வேறு மாதிரி இருப்போம் என்று நினைத்தது என் முட்டாள்தனம்.

இத்தோடு விட்டிருப்பேன். உண்மையிலேயே அலுத்துப்போனேன். சின்னவனுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டு பாத்ரூமில் கிடந்திருப்பேன்.

ஆனால் ஜெனிஃபர் இருக்கிறாள்.

எங்கள் குரூப்பிலேயே சின்னவள். நாகர்கோவில் பெண், இங்கே ஆராய்ச்சி படிப்பு. முனிர்காவில் நாலாவது மாடியில் ஒற்றை ரூம். படிக்கிற மேசையில் பாதியைத் தொட்டிக்குக் கொடுத்துவிட்டு மீதிப் பாதியில் தீசிஸ் எழுதுகிறாள். லிஃப்ட் இல்லை. தண்ணீர் கேன்களைத் தானே தூக்கிப் படியேறுகிறாள். ஒரு க்ளவுன், கோபி என்று ஒரு குட்டி மீன். இந்த வருஷம் முழுக்க அவளுக்கு நிம்மதி தருகிற விஷயம் அந்த இரண்டும்தான் என்று ஒரு தடவை கோமதியிடம் சொல்லியிருக்கிறாள்.

அதே பெட்டியில் அவளுக்கும் ஒரு மீன் வந்தது. ஃபயர்ஃபிஷ் என்று விரல் நீளத்தில் ஒரு சிவப்பு வால் மீன். அவள் ஊருக்குப் போயிருந்ததால் இன்னும் வாங்கவில்லை. அது இன்றைக்கும் அண்ணனுடைய பெரிய தொட்டியில் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை வாளியோடு போகிறாள்.

அவளுக்கு போன் செய்தேன்.

“ஜெனி, அந்த மீன வாங்காதம்மா. அது செம்புல இருக்கல.”

“அங்கிள், நான் அண்ணன்கிட்ட கேட்டேன். குவாரன்டைன் முடிஞ்சிட்டுன்னு சொன்னாரு.”

“இறால் இருக்கற வீடியோ அனுப்பறேன், நீயே பாரு.”

“பாத்தேன் அங்கிள். நீங்க குரூப்ல போட்டத அழிக்கதுக்கு முன்னால பாத்தேன். அது சும்மா ஒரு நாள் வீடியோ எடுக்க பெரிய தொட்டில விட்டதுன்னு சொல்லியாரு. அங்கிள், தப்பா எடுக்கப்பிடாது. உங்களுக்கு மீன் செத்த வருத்தம், எனக்குப் புரியுது. ஆனா அவரு எங்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்? டெல்லி வந்த புதுசுல எனக்கு ரூம் பாத்துக் குடுத்ததே அவருதான்.”

அவர்தான் பார்த்துக் கொடுத்தார். அதுவும் உண்மைதான். நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷன் சொன்னால் யாருமே தண்ணீரை டெஸ்ட் பண்ணுவதில்லை.

நான் ஆயிரம் சொன்னாலும் ஜெனிஃபர் நம்பப் போவதில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நம்புவாள். அதனால்தான், அண்ணே, இந்தப் பக்கத்தை உங்களுக்காகச் செலவு செய்கிறேன். இந்த இதழ் கடைக்கு வருகிற நாளுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் நடுவில் உங்களுக்கு நேரம் இருக்கிறது.

எனக்கு வேறு டாங் வேண்டாம். மன்னிப்பும் வேண்டாம். கோமதிக்கு நீங்கள் என்ன சொன்னாலும் இனி கேட்காது. என்னைத் திரும்ப குரூப்பில் சேர்க்கவும் வேண்டாம். எனக்கு போன் செய்து தனியாகப் பேசாதீர்கள், எடுக்க மாட்டேன். கும்பிடு பொம்மை போடாதீர்கள். குரூப்பில், எல்லோரும் பார்க்க, ஜெனிஃபர் பார்க்க, உங்கள் கையால் எழுதுங்கள்.

அந்தப் பெட்டியில் வந்த மீன்கள் செம்பில் இருந்தனவா, இல்லையா?

இருந்தன என்றால், உங்கள் நகம் சுத்தம் செய்கிற இறாலை அதே தண்ணீரில் விட்டு ஒரு வீடியோ போடுங்கள். எல்லோரும் ஹார்ட் போடுவார்கள்.